வி1 தாண்டியாச்சுன்னா என்ன அர்த்தம்? விமானம் கிளம்பும் வேகங்கள் பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகள்

எங்கள் வீடு ஓமலூர்ப் பக்கம். கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானம் கிளம்பினால் மாடியில் காயும் துணிக்கு மேலே சத்தம் வந்துவிடும். நான் ஒரு விமான கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானம் எவ்வளவு எடை, எவ்வளவு எரிபொருள், எந்தப் பாதை, என்ன வானிலை என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வேலை அது. ஊருக்கு வந்ததிலிருந்து டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான் வருகின்றன, அதுவும் 2025 ஜூனில் அகமதாபாத்தில் நடந்த ஏர் இந்தியா விமான விபத்துக்கு அப்புறம் வி1 என்ற வார்த்தை எல்லார் வாயிலும் வர ஆரம்பித்துவிட்டது. பாதிப் பேர் அதைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

"ஏனுங்க, வி1, விஆர், வி2ன்னு சொல்றாங்களே, மொதல்ல அது என்னன்னு சொல்லுங்க."

மூன்றுமே வேகங்கள். வி1 என்பது, ஓட்டத்தை நிறுத்துவதென்றால் நிறுத்தும் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டிய கடைசி வேகம். விஆர் என்பது பைலட் மூக்கைத் தூக்க ஆரம்பிக்கும் வேகம். வி2 என்பது ஒரு இன்ஜின் போய்விட்டாலும் பத்திரமாக ஏறிக்கொண்டே போகத் தேவையான வேகம், ரன்வேயிலிருந்து 35 அடி உயரம் வருவதற்குள் அது கையில் இருக்க வேண்டும்.

விமானத்தில் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள், ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். நம் ஊருக்கு வரும் ஏடிஆர் 72 நூறு நாட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே மூக்கைத் தூக்கிவிடும். ஏர்பஸ் ஏ320 மாதிரி ஜெட் என்றால் பெரும்பாலும் 130-லிருந்து 150 நாட்டுக்குள், அதாவது மணிக்கு 240 முதல் 280 கிலோமீட்டர்.

"அப்போ வி1 வந்ததும் நிக்கலாமா போலாமான்னு பைலட் முடிவெடுப்பாரு, சரிதானே?"

இல்லை. இதை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான். செய்தித்தாளில் 'முடிவெடுக்கும் வேகம்' என்று போடுவதால் எல்லாரும் அந்த இடத்தில் பைலட் யோசிக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வி1 வரும்போது யோசனை முடிந்து கையும் காலும் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். விமானத்துக்குச் சான்று கொடுக்கும் கணக்கிலேயே, இன்ஜின் கோளாறு வி1-க்குக் கொஞ்சம் முன்னால் நடக்கிறது, அதைப் பைலட் கவனித்து முதல் வேலையாகப் பிரேக்கை மிதிக்கிற நேரத்தில் வி1 வருகிறது என்றுதான் வைத்திருக்கிறார்கள். இடையில் பொதுவாக ஒரு நொடி. 140 நாட் வேகத்தில் அந்த ஒரு நொடிக்குள் விமானம் 72 மீட்டர் ஓடிவிடும். வி1 என்று காதில் விழுந்த பிறகு 'என்ன செய்யலாம்' என்று இரண்டு நொடி யோசித்தால் கிட்டத்தட்ட 150 மீட்டர் போயே போச்சு.

டிஸ்பாட்ச் ஆட்களைப் பழக்கத்துக்காக அவ்வப்போது காக்பிட்டில் பின்னால் இருக்கும் ஜம்ப் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போவார்கள். நான் ஒவ்வொரு தடவையும் கேப்டனின் வலது கையைத்தான் பார்ப்பேன். ஓட ஆரம்பித்ததிலிருந்து அந்தக் கை பவர் லீவரை விட்டு நகராது, விரல்கள் லீவருக்குப் பின்னால் வளைந்து, இழுக்கத் தயாராக இருக்கும். பக்கத்து சீட்டிலிருந்து "வி ஒன்" என்று குரல் வரும். உடனே கை லீவரை விட்டு எழுந்து முன்னால் இருக்கும் கன்ட்ரோலுக்குப் போய்விடும். அந்தக் கை அங்கேயே இருந்தால் பழக்க தோஷத்தில் இழுத்துவிடக்கூடும், அதனால்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகளில் இளைய பைலட் ஓட்டும்போதுகூட லீவர்மேல் இருப்பது கேப்டன் கைதான்.

"ரன்வே இன்னும் கண்ணுக்கு முன்னாடி நீளமா கெடக்குதே, பிரேக் போட்டா நிக்காதா?"

இதைக் கேட்டவர் ஏற்காடு ரூட்டில் பஸ் ஓட்டுகிற அண்ணன். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து அடிவாரத்தில் நிறுத்தினால் பிரேக் டிரம் எப்படி வாடை அடிக்கும் என்று அவருக்குத் தெரியும், அதனால் அவருக்கு விளங்க வைப்பது சுலபமாக இருந்தது. ஓடும் வண்டியில் இருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கமாகக் கூடும், வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. 16 டன் பஸ் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். 78 டன் ஏ320 ஒன்று 145 நாட்டில் ஓடும்போது அதில் இருக்கும் ஆற்றல் அந்த மாதிரி கிட்டத்தட்ட நூறு பஸ்ஸுக்குச் சமம். இது அவ்வளவும் சில சக்கரங்களின் பிரேக்குக்குள் அரை நிமிஷத்துக்குள் சூடாக மாற வேண்டும். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அதனால் புது மாடல் விமானம் வரும்போது, தேய்ந்த பிரேக்கைப் போட்டு, முழு எடையோடு ஓட்டி நிறுத்திக் காட்டச் சொல்வார்கள். பிரேக் சிவந்து கனலும். நின்ற பிறகு ஐந்து நிமிஷம் யாரும் தண்ணீர் அடிக்காமலே தீ பரவாமல் இருக்க வேண்டும். சக்கரத்தில் சூடானால் உருகும் சின்ன அடைப்பான்கள் உண்டு, டயர் வெடிக்காமல் காற்று மெதுவாக வெளியேறுவதற்காக. நீளமாகக் கிடக்கிற ரன்வே எதற்கென்றால் இதற்குத்தான், வி1-இல் பிரேக் போட்டவர் நிற்பதற்கு. வி1-ஐத் தாண்டிப் போட்டால் அந்தப் பாக்கி நீளம் போதும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

"ஒரு இன்ஜின் நின்னுபோச்சுன்னா மீதி ஒண்ணுல எப்படி ஏறும்? பாதி பவர்தானே இருக்கும்?"

பாதி பவர்தான், ஆனால் அது போதுமா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுவார்கள். இரண்டு இன்ஜின் விமானம் ஒன்றை இழந்து, சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு, குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும் என்பது விதி. நூறு மீட்டர் முன்னால் போனால் 2.4 மீட்டர் மேலே. கண்ணால் பார்த்தால் ஏறுவதே தெரியாது. அன்றைய எடைக்கும் வெயிலுக்கும் அந்தச் சரிவு வராது என்று கணக்கு சொன்னால், எடையைக் குறைக்காமல் கிளம்பவே முடியாது.

ஏடிஆரில் இன்னொரு ஏற்பாடு உண்டு. நின்றுபோன இன்ஜினின் இறக்கை விசிறி காற்றில் தட்டையாக நின்றால் விமானத்தைப் பிடித்து இழுக்கும். அதனால் அந்த அமைப்பு விசிறியின் இலைகளைத் தானாகவே காற்றின் போக்கில் திருப்பிவிட்டு, நல்லா இருக்கிற இன்ஜினின் பவரையும் கொஞ்சம் கூட்டிக்கொடுத்துவிடும். பைலட் கை வைக்கும் முன்பே அது நடந்திருக்கும்.

"இந்த நம்பரை எல்லாம் யார் போடறாங்க? விமானத்துக்கு விமானம் ஒரே நம்பர்தானா?"

ஒரே விமானம், ஒரே ரன்வே, காலையில் ஒரு நம்பர் மத்தியானம் வேறு நம்பர். எடை, வெயில், காற்று, ரன்வேயின் நீளமும் சாய்வும், ஈரமா காய்ந்ததா, இறக்கையின் மடிப்பான ஃபிளாப் எவ்வளவு இறக்கியிருக்கிறது, இவ்வளவும் உள்ளே போகும். நாங்கள் லோட் ஷீட் கொடுப்போம், அதில் ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடை இருக்கும். இரண்டு பைலட்டும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒத்துப்பார்ப்பார்கள். கடைசி நேரத்தில் ரன்வேயின் எந்த முனையிலிருந்து கிளம்புவது என்பது மாறினால் முதலிலிருந்து போட வேண்டும்.

சேலத்து மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம், அதன்மேல் 40 டிகிரி வெயில். காற்று மெலிந்துவிடும். இறக்கைக்குப் பிடிப்பு குறையும், விசிறிக்குப் பிடிப்பு குறையும், இன்ஜினுக்கும் மூச்சு குறையும். மீட்டரில் அதே 110 நாட் காட்டினாலும் தரையில் அதைவிட வேகமாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், அதனால் ரன்வே அதிகம் தின்னும். மார்கழிக் காலையில் அதே விமானம் சீக்கிரமாகத் துள்ளி ஏறுவதை வெளியே நின்று பார்த்தாலே சொல்லலாம். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கேயும் இதே பிரச்சினை, ஆனால் அங்கே ரன்வே 4,000 மீட்டர்.

"பின்னாலிருந்து காத்தடிச்சா நல்லதுதானே, தள்ளிவிடுமில்ல?"

காற்றாடி விட்ட எந்தப் பையனையும் கேளுங்கள், காற்றுக்கு எதிரே ஓடினால்தான் ஏறும். இறக்கைக்கு வேண்டியது தன்மேல் ஓடும் காற்று. எதிர்க்காற்று 10 நாட் இருந்தால் நின்ற இடத்திலேயே 10 நாட் கையில் இருக்கிறது. பின்காற்று 10 நாட் என்றால் அதைச் சரிக்கட்டவே முதலில் ஓட வேண்டும். காற்றை நம்ப முடியாது என்பதால் கணக்கிலும் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறார்கள்: எதிர்க்காற்றில் பாதியைத்தான் சாதகமாக எடுக்கலாம், பின்காற்றையோ ஒன்றரை மடங்காகப் போட வேண்டும். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும்.

"மழை பேஞ்சா வி1 கூடுமா குறையுமா?"

குறையும். ஈர ரன்வேயில் பிரேக் பிடிக்க அதிக தூரம் வேண்டும், அதனால் நிறுத்துவதென்றால் இன்னும் சீக்கிரமாகவே தொடங்க வேண்டும். ஆனால் சீக்கிரமாக வி1 வைத்தால் ஒரு இன்ஜினோடு தொடர்ந்து ஓட வேண்டிய தூரம் கூடிவிடும் இல்லையா? அதற்காக, ஈரத்தில் ரன்வே முனையைக் கடக்கும்போது 35 அடிக்குப் பதில் 15 அடி உயரம் இருந்தால் போதும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஈரத்தில் ரிவர்ஸ் திரஸ்ட்டையும், அதாவது இன்ஜின் உந்தலை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைப்பதையும், கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்த ரன்வேயில் அதைச் சேர்க்கக்கூடாது, அது கணக்குக்கு வெளியே இருக்கும் உபரி.

"டயர் வெடிச்சா, பறவை அடிச்சா, ஏதாவது லைட் எரிஞ்சா உடனே நிறுத்திருவாங்களா?"

எந்த வேகத்தில் என்பதைப் பொறுத்தது. ஓட்டத்தின் நடுவில் "80 நாட்" அல்லது "100 நாட்" என்று ஒரு குரல் கொடுப்பார்கள், போயிங்கில் 80, ஏர்பஸ்ஸில் 100. அதற்குக் கீழே என்றால் சின்னக் கோளாறுக்கும் நிறுத்தலாம், பெரிய ஆபத்தில்லை. அதற்கு மேலே, வி1-க்குள்ளே என்றால், இன்ஜின் போனது, தீ, திடீர்க் காற்றுச் சுழல், விமானம் பறக்கவே பறக்காது என்கிற சந்தேகம், இந்த மாதிரி நாலைந்து காரணத்துக்கு மட்டும்தான். கதவு விளக்கு எரிந்தது என்று 130 நாட்டில் பிரேக் போடுவதுதான் பெரிய ஆபத்து.

டயர் விஷயம் இன்னும் கவனம். டயர் வெடித்தால் பிரேக் பிடிக்கும் சக்கரத்தில் ஒன்று குறைந்துவிட்டது, வி1 கணக்கோ எல்லாச் சக்கரமும் இருக்கிறது என்று போட்டது. அதனால் வி1-ஐ நெருங்கிய பிறகு டயர் வெடித்தால், இன்ஜின் நன்றாக இருந்தால், ஏறிவிட்டு நிதானமாகத் திரும்பி வந்து இறங்குவதுதான் பெரும்பாலும் நல்லது.

"நம்பரைத் தப்பா போட்டுட்டா என்ன ஆகும் மாமா?"

தங்கச்சி மகன் கேட்டது. இதுதான்டா எங்கள் வேலையில் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. 2009 மார்ச் 20 அன்று மெல்போர்னிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ340 ஒன்றில், எடை 362.9 டன் என்று போட வேண்டிய இடத்தில் 262.9 என்று விழுந்துவிட்டது. ஒரே ஒரு இலக்கம். நூறு டன் குறைவு என்று நம்பிக் கணினி பவரையும் குறைத்துக் கொடுத்தது, வேகங்களையும் குறைத்துக் கொடுத்தது. மூக்கைத் தூக்கினார்கள், விமானம் எழவில்லை, வால் ரன்வேயில் தேய்ந்தது. கடைசி நேரத்தில் முழு பவர் கொடுத்து, ரன்வே முனையைத் தாண்டி அங்கிருந்த விளக்கையும் ஆன்டெனாவையும் இடித்துக்கொண்டு எப்படியோ ஏறினார்கள். எரிபொருளைக் கொட்டிவிட்டுத் திரும்பி இறங்கினார்கள், ஒருவருக்கும் காயமில்லை.

அதைப் படித்ததிலிருந்து லோட் ஷீட்டில் எடையை எழுதியதும் வாய்விட்டுப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "அறுபத்தி நாலு டன், இருநூறு கிலோ." இந்த ரூட்டில் இத்தனை பேர் ஏறினால் சுமாராக இவ்வளவு எடை வரும் என்று மனசுக்குள் ஒரு தோராயம் இருக்கும், அதோடு ஒட்டவில்லை என்றால் மறுபடி முதலிலிருந்து.

"வி1 தாண்டி நிறுத்தி, நல்லபடியா முடிஞ்ச கதையே இல்லையா?"

உண்டு. 2017 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து வில்லோ ரன் விமான நிலையத்தில் ஒரு எம்டி-83 விமானம், உள்ளே 116 பேர், மிச்சிகன் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியும் அதில் இருந்தது. நிறுத்தி வைத்திருந்தபோது அடித்த பலத்த காற்றில் வால் பக்கத்தில் மூக்கைத் தூக்க உதவும் எலிவேட்டர் என்கிற மடிப்புகளில் ஒன்று மாட்டிக்கொண்டது, வெளியே பார்த்தால் தெரியாது. விஆர் வந்தது, கேப்டன் இழுத்தார், மூக்கு எழவே இல்லை. வி1 தாண்டியிருந்தும் நிறுத்தினார். ரன்வே முடிந்து வெளியே போய்த்தான் நின்றது. ஒருவருக்கு மட்டும் லேசான காயம்.

இதை வைத்து 'வி1 தாண்டியும் நிறுத்தலாம்' என்று வாதம் செய்கிறவர்களுக்கு: வி1-க்குப் பிறகு போயே ஆக வேண்டும் என்ற விதியே விமானம் பறக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பறக்கவே பறக்காத விமானத்தைக் கொண்டு போய் எங்கே ஏற்றுவது? அது ஒன்றுதான் விலக்கு. கேப்டன் ஓட்டுவதை மேற்பார்வை பார்க்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பைலட் அவருடைய முடிவில் குறுக்கிடாமல் இருந்ததையும் விசாரணை அமைப்பு பாராட்டியது.

"அகமதாபாத்துல வி1 எல்லாம் சரியா இருந்துச்சுன்னாங்களே, அப்புறம் எப்படி?"

2025 ஜூன் 12. முதற்கட்ட அறிக்கைப்படி வி1 153 நாட், விஆர் 155 நாட், இரண்டையும் அந்த போயிங் 787 விமானம் ஒழுங்காகத் தாண்டித் தரையை விட்டு எழுந்தது. எழுந்த சில நொடிகளில் இரண்டு இன்ஜினுக்கும் எரிபொருள் கொடுக்கும் சுவிட்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்த நிலைக்குப் போயின என்று அதே அறிக்கை சொல்கிறது. வி1, வி2 கணக்கு மொத்தமும் ஒரு இன்ஜின் போனால் மற்றது இருக்கிறது என்ற அடிப்படையில் போட்டது. இரண்டும் போனால் அந்தக் கணக்கில் சொல்ல ஒன்றுமில்லை. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் போய்விட்டார்கள். ஊரில் இதைப் பேசும்போது 'பைலட் நிறுத்தியிருக்கலாமே' என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கனத்துப்போகிறது, நிறுத்துவதற்கான ரன்வேயே அப்போது காலுக்குக் கீழே இல்லை.

"விமானம் காலியா இருந்தா வி1-ஐ எவ்வளவு வேணும்னாலும் கொறைச்சு வச்சுக்கலாமா?"

முடியாது, இது கொஞ்சம் நுணுக்கமானது. ஒரு பக்கத்து இன்ஜின் போனதும் விமானம் அந்தப் பக்கமாகத் திரும்பும், வாலில் இருக்கும் ரட்டரால்தான் நேராகப் பிடிக்க வேண்டும். ரட்டருக்குக் காற்று வேண்டும், காற்றுக்கு வேகம் வேண்டும். ரன்வே கோட்டிலிருந்து 30 அடிக்கு மேல் விலகாமல் பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் ஒன்று உண்டு, வி1 அதற்குக் கீழே போகவே கூடாது. எடை குறைவாக, பவர் முழுசாக இருக்கும்போதுதான் இது இடிக்கும்.

"சில சமயம் வி1-ம் விஆர்-ம் ஒரே நம்பரா இருக்குதாமே, அது தப்பில்லையா?"

தப்பில்லை, நிறைய நடக்கும். ரன்வே தாராளமாக இருந்தால் வி1-ஐ ஒரு குறிப்பிட்ட எண்ணில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, ஒரு எல்லைக்குள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், மேலே போகலாம், விஆர் வரைக்கும். ரன்வே குறுகக் குறுக அந்த எல்லை நெருங்கிக்கொண்டே வரும். நிறுத்தத் தேவையான தூரமும் ஒரு இன்ஜினோடு ஏறத் தேவையான தூரமும் சமமாகி, இரண்டும் ரன்வேயின் நீளத்தைத் தொட்டுவிட்டால் வி1-க்கு ஒரே ஒரு எண்தான். அதற்கு மேல் ஒரு கிலோ ஏற்ற முடியாது.

"சேலத்துக்கு ஏன் பெரிய ஏர்பஸ் வர்றதில்ல?"

மேலே சொன்ன பதில்தான். கமலாபுரம் ரன்வே சுமார் 1,800 மீட்டர். முழு எடையோடு ஏ320 கடல் மட்டத்தில் குளிர்ந்த நாளிலேயே 2,000 மீட்டருக்கு மேல் கேட்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் கூட. எடையைக் குறைத்து வரலாம், ஆனால் பாதி சீட்டைக் காலியாக வைத்துப் பறந்தால் கம்பெனிக்குக் கட்டாது. ஏடிஆருக்கு இந்த நீளம் போதும். ரன்வேயை நீட்டுவதென்றால் சுற்றிலும் விளைநிலம், அந்த நிலத்துக்காரர்களின் கவலையும் நியாயமானது. கிழக்கே சேர்வராயன் மலையும் நிற்கிறது, அதனால் ஒரு இன்ஜினோடு ஏறும் பாதை எந்தப் பக்கம் போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

"முழு பவர் கொடுக்காமலே கிளம்புவாங்களாமே, அது ஆபத்தில்லையா?"

தேவைக்கு மேல் ரன்வே இருக்கும்போது செய்வது. 25 சதவீதம் வரை குறைக்க அனுமதி உண்டு, இன்ஜின் சூடு குறையும், ஆயுள் கூடும். குறைத்த பவரிலேயே நின்றாலும் ஏறினாலும் கணக்கு சரியாக வந்தால்தான் குறைப்பார்கள். அவசரம் என்றால் மீதிப் பவர் கையருகிலேயே இருக்கிறது.

"சீட்டுல உக்காந்திருக்கற நமக்கு வி1 எப்போ வந்துச்சுன்னு தெரியுமா?"

ஏற்காட்டுப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி கேட்டாள், முதல் தடவையாக விமானத்தில் போகப் போகிறாளாம். வி1 தெரியாதும்மா, அதற்குச் சத்தமோ குலுக்கலோ கிடையாது. விஆர் தெரியும். முன் சக்கரம் தூக்கும்போது கடகடவென்ற சத்தம் குறைந்து முதுகு சீட்டில் அழுந்தும். அதற்கு ஒன்றிரண்டு நொடி முன்னால், சில சமயம் அதே நொடியில், வி1 போயிருக்கும். ஏடிஆரில் ஜன்னல் பக்கம் கிடைத்தால், இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் உட்கார். சக்கரம் தரையை விட்டதும் அது கீழே தொங்கி, அப்புறம் உள்ளே மடங்குவதைப் பார்க்கலாம்.